விட்டுப்போன ஒரு வரி

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு கணக்கு ஆயுசுக்கும் மறக்காது. ஒரு தொட்டி. மேலே இரண்டு குழாய், அடியில் ஒரு வடிகால். முதல் குழாயை மட்டும் திறந்தால் தொட்டி நிறைய மூன்று மணி நேரம் ஆகும். இரண்டாவதை மட்டும் திறந்தால் ஆறு மணி நேரம். வடிகாலைத் திறந்துவிட்டால் நிறைந்த தொட்டி நான்கு மணி நேரத்தில் காலியாகிவிடும். மூன்றையும் ஒன்றாகத் திறந்து வைத்தால் தொட்டி எப்போது நிறையும்? குழாய்க்கு பிரெஞ்சில் 'ரொபினே' என்று பெயர். அதனால் இதை ரொபினே கணக்கு என்போம். விடை நான்கு மணி நேரம். விருப்பம் உள்ளவர்கள் போட்டுப் பாருங்கள்.

ஒருநாள் எங்கள் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "முசே, அந்தக் குழாய்க்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. முசேயும் சிரித்துக்கொண்டே அவன் தலையில் மரக்கோலால் ஒரு தட்டு தட்டி உட்கார வைத்தார். கேள்வியில் கொடுத்திருப்பதை வைத்துத்தான் விடை காண வேண்டும், கொடுக்காததைக் கேட்கக் கூடாது என்பது அன்றைய பாடம். அந்தப் பாடத்தை அவனைவிட நான் நன்றாகவே படித்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

39 வருடம் அரசு எழுத்தராக வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல், குடிநீர்த் திட்டக் கோப்புகள் வந்து போகும் ஓர் அலுவலகத்தில். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அதில் இருந்தவர்களில் பலர் நல்லவர்கள், சிலர் இப்போது இல்லை. நான் பொறியாளன் அல்லன். ஆனால் எஸ்டிமேட், டெண்டர், ஒப்பீட்டுப் பட்டியல் என்று ஆயிரக்கணக்கான தாள்களைத் தட்டச்சு செய்தவனுக்குக் கொஞ்சமாவது ஒட்டாமல் போகுமா? எந்தக் குழாய்க்கு எந்த ஊரில் என்ன விலை, ஒரு மீட்டர் பள்ளம் தோண்ட எவ்வளவு, மேல்நிலைத் தொட்டிக்குக் கம்பி எத்தனை டன் என்பதெல்லாம் மனப்பாடமாக இருந்தது.

அந்தக் கோப்புகளில் ஒன்றைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். அதற்கு முன்னால், எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை.

பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபத்தைப் பார்க்காத புதுச்சேரிக்காரர் யார்? நம் அரசு முத்திரையிலேயே இருக்கிறது. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் கொண்டு இடிக்கச் சொன்னாராம். ஆயி தானே முன்வந்து வீட்டை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊர் மக்களுக்காக ஒரு குளம் வெட்டினாளாம். அந்தக் குளம் இருந்த இடம் முத்தரையர்பாளையம். நகரத்தில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்த 1860களில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், லமேரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அங்கிருந்துதான் நகரத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தார். அந்த நன்றிக்கு எழுந்ததுதான் மண்டபம்.

மன்னர் கதை எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் தண்ணீர் வந்த கதை உண்மை. அதில் நான் கவனிக்கும் விஷயம் ஒன்று உண்டு. கடற்கரை ஓரத்து நகரத்திலேயே நாலு கிணறு வெட்டியிருந்தால் செலவு குறைந்திருக்கும். அந்த மனிதர் அப்படிச் செய்யவில்லை. நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, மேற்கே செம்மண் மேட்டை ஒட்டிய ஓர் ஊர் வரைக்கும் போனார். தூரத்துக்கு ஆன செலவை ஏற்றுக்கொண்டார். கடலை விட்டு விலகிப் போவதற்கான விலை அது.

இனி என் கோப்பு.

எண்பதுகளின் கடைசி. கடலோரத்தில் ஒரு மீனவ, விவசாயக் கிராமம். பெயர் வேண்டாம். அந்த ஊருக்குத்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. நாலைந்து கைப்பம்பும் ஒரு பொதுக்கிணறும்தான். குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று ஊர் மக்கள் வருடக்கணக்காக மனுக் கொடுத்து, கடைசியில் திட்டம் தயாரிக்க உத்தரவானது.

இளநிலைப் பொறியாளர் ஒருவர், அப்போது முப்பது வயதுகூட இருக்காது, இரண்டு வழிகள் எழுதி எடுத்து வந்தார். முதல் வழி, ஊருக்குள்ளேயே இரண்டு ஆழ்குழாய்க் கிணறு, ஒரு மேல்நிலைத் தொட்டி, தெருக்களுக்குப் பி.வி.சி. குழாய். இரண்டாவது வழி, மேற்கே நாலு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஏரியின் அருகில் கிணறு, அங்கிருந்து ஊர் வரைக்கும் குழாய், கூடவே ஏரிக்கு வரும் வாய்க்காலைத் தூர்வாரக் கொஞ்சம் தொகை. இரண்டாவதற்கு முதல் வழியைப் போல ஒன்றரை மடங்கு ஆகும் என்று கணக்கு வந்தது. அந்த நாலு கிலோமீட்டர்க் குழாய்தான் காரணம்.

ஒப்பீட்டுப் பட்டியலின் அடியில் அவர் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். ஊர் கடலுக்கு அருகில் இருப்பதால், தொடர்ந்து நாள் முழுதும் இறைத்தால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கிணற்றில் உப்பு ஏறக்கூடும், அப்போது மாற்று ஏற்பாட்டுக்கு ஆகும் செலவையும் முதல் வழியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று.

மேலே போன கோப்பு திரும்பி வந்தது. "படிவத்தில் இல்லாததை எல்லாம் எழுத வேண்டாம். சுத்தப் பிரதியில் அந்த வரி தேவையில்லை" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். கோப்பில் எழுத்தாக எதுவும் இல்லை. வாய்மொழி என்றால் வாய்மொழிதான்.

நான் சுத்தப் பிரதி அடித்தேன். அந்த வரியை விட்டுவிட்டேன்.

என்னால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். செய்திருக்க முடியும். குறிப்புத்தாளில் எழுத்தருக்கும் ஒரு பத்தி எழுத உரிமை உண்டு. "இளநிலைப் பொறியாளரின் குறிப்பு பக்கம் இத்தனையில் காண்க" என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தால், கையெழுத்துப் போடுகிறவர் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட முடியாது. எழுத்தனுடைய ஆயுதமே அதுதான். என் பணிக்காலத்தில் எத்தனையோ அற்ப விஷயங்களுக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். பயணப்படிப் பட்டியலில் இரண்டு ரூபாய் கூடுதல் என்று குறிப்புப் போட்டவன் நான். இதற்குப் போடவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்த நேரம் அது. அக்கா ஊருக்குச் சீக்கிரம் தண்ணீர் வந்தால் போதும் என்ற எண்ணமும் இருந்தது. இரண்டில் எது பெரிய காரணம் என்று இன்று என்னால் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

மலிவான வழி தேர்வானது. பதினெட்டு மாதத்தில் வேலை முடிந்தது. நான் முதல் முறையாக அக்கா வீட்டுக்குப் போனபோது வாசல் குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்தாள். "உங்க ஆபீசு தண்ணி தம்பி. குடிச்சுப் பாரு, எளநி மாதிரி இருக்கு" என்றாள். உண்மையாகவே இளநீர் மாதிரிதான் இருந்தது. இரண்டு சொம்பு குடித்தேன்.

உப்பு எப்படி ஏறுகிறது என்பதை அந்த இளைஞர் பின்னொரு நாள் தேநீர்க் கடையில் எனக்கு விளக்கினார். கடலோர மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, எண்ணெய் தண்ணீரில் மிதப்பது போல. நல்ல நீர் எடை குறைவு, உப்பு நீர் சற்றே அதிகம். அந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் வரை நல்ல தண்ணீர் நிற்கும். நூறு வருடத்துக்கும் முன்பே கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு இது. கேட்க இனிமையாக இருக்கிறது அல்லவா? அதையே திருப்பிப் பாருங்கள். நாம் இறைத்து மேலே ஒரு மீட்டர் குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பது மீட்டர் ஏறும். ஒன்றுக்கு நாற்பது வட்டி. எந்த ஈட்டிக்காரனும் கேட்காத வட்டி. இன்னொன்றும் உண்டு. ஏறிய உப்பு, இறைப்பதை நிறுத்தினாலும் உடனே இறங்காது. பல மழைக்காலம் ஆகும்.

அப்போது என் மனத்தில் ரொபினே கணக்கு ஓடியது. தொட்டிக்கு அடியில் இருக்கும் வடிகாலை மட்டும்தான் முசே சொல்லிக் கொடுத்தார். அடியிலிருந்து வேறு தண்ணீர் உள்ளே ஏறும் தொட்டியைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பதினைந்து வருடம் என்று எழுதியிருந்தார். பன்னிரண்டாவது வருடமே ஆரம்பித்துவிட்டது. முதலில் அக்காவுக்குத்தான் தெரிந்தது, ஏனென்றால் அவள்தான் சமைக்கிறவள். பருப்பு வேகவில்லை என்றாள். கடைக்காரன் பழைய பருப்பைக் கொடுத்துவிட்டான் என்று கடையை மாற்றினாள். சாதம் சீக்கிரம் மஞ்சள் பூத்தது. சோப்பு நுரைக்கவில்லை. பித்தளைக் குடத்தின் உள்ளே வெள்ளையாகப் படிந்தது. பிறகு ஒருநாள் காப்பியில் உப்புக் கரித்தது. எண்ணெயோ சோப்போ மாறியதல்ல, தண்ணீர்தான் மாறிவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தபோது ஊரே மாறியிருந்தது. அந்தக் கிணறுகளுக்குப் பக்கத்தில் விவசாயத்துக்குப் போட்ட ஆழ்குழாய்கள் பல. இலவச மின்சாரத்தில் அவையும் இரவு பகலாக இறைத்தன. ஆகவே பழி முழுவதும் எங்கள் இரண்டு கிணற்றின் மேல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கிணறும் அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான்.

அதன் பிறகு என்ன? அரசு சுத்திகரிப்புக் கருவி வைத்துக் கொடுத்தது. வரிசையில் நின்று குடத்தில் பிடிக்க வேண்டும். கருவி பழுதானால் கேன் தண்ணீர். 20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 50 கேன், 1,500 ரூபாய். எழுத்தன் புத்தி சும்மா இருக்குமா? அன்றைக்கு மிச்சம் பிடித்த பணம் எவ்வளவு, ஊரில் இத்தனை வீடு, வீட்டுக்கு மாதம் இத்தனை கேன் என்று ஒருநாள் பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நாலு கிலோமீட்டர்க் குழாயின் விலையை ஊர்ப் பெண்கள் கேன் கேனாக எப்போதோ கட்டி முடித்துவிட்டார்கள். இப்போது வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் செலவு அரசுக் கணக்கில் எங்கும் வராது. அதனால்தான் திட்டம் மலிவான திட்டமாகவே இன்னமும் பதிவேட்டில் இருக்கிறது.

குடிநீர்த் திட்டத்தின் செலவு என்றால் நாம் பார்ப்பது தொட்டி, குழாய், மோட்டார் ஆகியவற்றின் விலையைத்தான். அதற்கப்பால் மூன்று செலவு உண்டு என்பது நான் ஓய்வு பெற்ற பிறகு யோசித்துப் புரிந்துகொண்டது.

ஒன்று மின்சாரம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை நூறு மீட்டர் உயரம் தூக்க, கணக்குப்படி கால் யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். மோட்டாரின் விரயத்தையும் சேர்த்தால் அரை யூனிட்டுக்கு மேல். பத்து மீட்டரில் தண்ணீர் இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான். நிலத்தடி நீர் இறங்க இறங்க, அதே ஒரு குடம் தண்ணீருக்கு வருடா வருடம் அதிக மின்சாரம் செலவாகிறது. அந்த மின்சாரத்துக்கு எங்கோ நிலக்கரி எரிகிறது. நெய்வேலி நமக்கு எட்டும் தூரம்தான்.

இரண்டாவது, ஆதாரம் கெட்டுப்போவதன் செலவு. அதைத்தான் அக்கா ஊர் கட்டுகிறது.

மூன்றாவது, இன்னொருவர் தண்ணீரை நாம் எடுப்பதன் செலவு. இதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன். அந்த இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஏரிக்கரை ஊர்க்காரர்கள், "எங்கள் நடவுக்கு உள்ள தண்ணீரைக் கடற்கரை ஊருக்குக் கொண்டுபோகிறீர்களா" என்று கேட்டிருப்பார்கள். அது நியாயமான கேள்வி. நகரத்துக்கு வெளியே எங்கே கிணறு தோண்டப் போனாலும் இந்தக் கேள்வி எழுகிறது. அதற்கு விடை தண்ணீரைத் திருட்டுத்தனமாக எடுப்பது அல்ல. ஏரிக்கு வரும் தண்ணீரை அதிகமாக்கிக் கொடுத்துவிட்டு, அதில் ஒரு பங்கைக் கேட்பது. இளநிலைப் பொறியாளர் எழுதிய வாய்க்கால் தூர்வாரும் தொகை அதற்காகத்தான். அதையும் 'அனாவசியச் செலவு' என்றார்கள்.

நம் பகுதியில் 84 ஏரிகள் என்று சொல்வார்கள். செஞ்சியாற்றுத் தண்ணீர் வரும் ஊசுட்டேரி பெரியது. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நிறையும் பாகூர் ஏரி அடுத்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஏரிப் பாசனத்துக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து பராமரித்தார்கள். 'சேந்திக்கா அக்ரிக்கோல்' என்று அதற்குப் பெயர். நம் குடிமராமத்துக்குச் சட்டை போட்டது போல ஓர் ஏற்பாடு. பம்புசெட் வந்ததும் ஏரியை யார் பார்க்கிறார்கள்? ஏரியும் போயிற்று, சங்கமும் போயிற்று. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஏரிகளைச் சீரமைக்கத் தொடங்கி, பயன்படுத்துவோர் சங்கங்களையும் மறுபடி அமைத்தார்கள். நல்ல காரியம். ஏரி என்பது பாசனத்துக்கு மட்டும் அல்ல. அதில் நிற்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கடலைத் தள்ளி நிறுத்தும் காவல்காரன். ஊசுட்டேரியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தபோது, பறவைக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று ஒரு நண்பர் கேட்டார். பறவை நிற்கும் தண்ணீர்தான் நம் கிணற்றைக் காக்கிறது என்றேன்.

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கடல்நீரைக் குடிநீராக்கலாம் என்கிறார்கள். எதிரே கடல் இருக்க ஏன் தவிக்க வேண்டும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சென்னைக்கு மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் ஆலைகள் வந்தன. அவ்வளவு பெரிய ஊருக்கு, மழை பொய்த்த வருடத்தில் அது உயிர் காக்கும். மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். நூறு லிட்டர் கடல்நீர் எடுத்தால் நாற்பது நாற்பத்தைந்து லிட்டர்தான் நல்ல நீர். மீதி, ஏறக்குறைய இரட்டிப்பு உப்போடு மீண்டும் கடலுக்கே போகிறது. அதைப் போகும் வழியில் சரியாகக் கலந்து விடாவிட்டால் கரையோரத்து மீனுக்குக் கேடு. மீனவ ஊரில் இதையும் கணக்கில் எழுத வேண்டும் அல்லவா? வருடத்துக்கு 1,200 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிற நம் ஊரில், முதலில் மழையைப் பிடித்துவிட்டு, ஒழுகும் குழாயை அடைத்துவிட்டு, கடைசியாகத்தான் கடலிடம் போக வேண்டும் என்பது என் சிற்றறிவுக்கு எட்டியது.

ஏழாவது சம்பளக் குழு நிலுவை கைக்கு வந்தபோது வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நான் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அக்கா ஊருக்குப் போனேன். அக்கா வீட்டு மாடி ஆயிரம் சதுர அடி. அதன் மேல் 1,200 மில்லிமீட்டர் பெய்தால் 1,10,000 லிட்டர். முதல் மழையின் அழுக்கும் வழிந்து போவதும் போக 80,000 லிட்டர் என்று வையுங்கள். நாலு பேருக்குக் குடிக்க, சமைக்க நாளுக்கு 40 லிட்டர் என்றால் வருடத்துக்கே 15,000 லிட்டர் போதும். மழை இல்லாத ஆறு மாதத்துக்கு 7,200 லிட்டர். ஆகவே 8,000 லிட்டர் பிடிக்கும் ஒரு மூடிய சிமெண்டுத் தொட்டி, வாயில் கூழாங்கல், மணல், கரி போட்டு ஒரு வடிகட்டி, முதல் மழையை வெளியே தள்ள ஒரு தனிக் குழாய். இரண்டு கொத்தனார், பத்து நாள் வேலை. வழிகிற மிச்சத் தண்ணீரைத் தோட்டத்துப் பழைய கிணற்றுக்குள் விட்டோம். அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு அக்கா கேன் வாங்கவில்லை.

ஊரில் இன்னும் சில வீட்டார் வந்து பார்த்துப்போய் அதே மாதிரி கட்டினார்கள். எல்லோரும் அல்ல. கீற்று வீடு இருக்கிறவர்களுக்கு இது முடியாது. எட்டாயிரம் லிட்டர் தொட்டியால் ஓர் ஊருக்குப் பதில் சொல்லிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த இளநிலைப் பொறியாளரைச் சில வருடம் முன்பு ஒரு திருமணத்தில் பார்த்தேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், அந்தக் கோப்பில் நீங்க எழுதின வரி..." என்று ஆரம்பித்தேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "எந்தக் கோப்பு சார்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். அவர் எத்தனை கோப்பில் எத்தனை வரி எழுதினாரோ! நான் விட்டது ஒரே வரி என்பதால் எனக்கு நினைவிருக்கிறது.

அக்காவுக்கு இப்போது 80 தாண்டிவிட்டது. இத்தனை வருடமாக அவளிடம் இதைச் சொன்னதில்லை. தொட்டி கட்டிக் கொடுத்ததைத் தம்பியின் பாசம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது எனக்கு முள்ளாகக் குத்தும். போன மாதம் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். அந்த வரி, சுத்தப் பிரதி, பதவி உயர்வு எல்லாவற்றையும்.

வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்த பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நீ எழுதியிருந்தா மட்டும் கேட்டிருப்பாங்களா?" என்றாள்.

"கேட்டிருக்க மாட்டாங்கன்னுதான் நெனைக்கிறேன் அக்கா."

"அப்ப வுடு."

எழுந்து போய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தாள். உட்கார்ந்ததும் என் கையை ஒரு தட்டு தட்டினாள்.

"ஆனாலும் எழுதியிருக்கலாம்டா தம்பி."

அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கிளம்பும்போது, ஐப்பசி பிறப்பதற்குள் வந்து தொட்டி வடிகட்டியில் மணலை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாள். அடுத்த ஞாயிறு போகலாம் என்றிருக்கிறேன்.

அரசு வேலையில் இன்னும் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். படிவத்தில் இடம் இல்லையென்றால் தாளின் ஓரத்திலாவது எழுதிவிடுங்கள். கேட்கிறார்களோ இல்லையோ, எழுதியது கோப்பில் இருக்கும். எழுதாதது, என்னைப் போல, நெஞ்சில் இருக்கும்.